மழை ஜலமும் வீட்டு வாசலும்

ஜல விஷயத்தில் சென்னை நகரம் படும் பாடு விசித்திரமானது. 2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 29 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு கரை புரண்டு வீடுகளுக்குள் புகுந்தது. நான்கு வருஷம் கழியவில்லை. 2019-ஆம் வருஷக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. ஜூலை 12-ந் தேதி முதல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலேற்றிக் குடிநீர் கொண்டுவர நேர்ந்தது. 2023-ஆம் வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் வெள்ளம். வருஷத்துக்குச் சராசரி 140 சென்டிமீட்டர் மழை பெறும் ஊர் இது. ஐப்பசியில் வேண்டாம் என்று விரட்டும் ஜலத்தைச் சித்திரையில் காசு கொடுத்து லாரியில் வாங்கும் நிலைமைக்கு வருண பகவானைக் குறை கூறிப் பயனில்லை.

ஏரிகளும் சதுப்பு நிலங்களும் ஆக்கிரமிக்கப்பட்டதைப் பற்றி அனைவரும் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் தத்தம் வீட்டு வாசலில் நடந்திருக்கும் ஆக்கிரமிப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. முன்னே வீட்டுக்கு முன்புறம் மண் தரை இருந்தது. சாணம் தெளித்துக் கோலமிட்டார்கள். பெய்த மழையில் பெரும்பகுதி அங்கேயே இறங்கிக் கிணற்றில் ஊறிற்று. இன்று மதிற்சுவரிலிருந்து மதிற்சுவர் வரையில் சிமெண்ட் பூசியாகிவிட்டது. கார் நிற்க வேண்டும், சேறு படக் கூடாது, பெருக்க எளிதாக இருக்க வேண்டும் என்பவை காரணங்கள். தரையையும் தெருப் பக்கமாகச் சரித்து விடுகிறார்கள். தம் வீட்டு மழை அரை நாழிகையில் தெருவுக்குப் போய்விட்டால் வீட்டுக்காரருக்குத் திருப்தி. அந்த ஜலம் தெருக்கோடியில் தாழ்ந்த இடத்தில் இருக்கும் ஏழையின் வீட்டில் நுழைவதை அவர் காண்பதில்லை.

இது சொற்ப விஷயம் என்று நினைப்பவர்கள் சிறிது கணக்குப் பார்க்கட்டும். 300 சதுர அடி வாசல் ஏறக்குறைய 28 சதுர மீட்டர். அதன்மீது 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 2,800 லிட்டர் ஜலம். இத்தகைய வாசல்கள் நகரத்தில் ஒரு லட்சம் உண்டென்று வைத்துக்கொண்டால் 28 கோடி லிட்டர். ஜோலார்பேட்டையிலிருந்து வந்த ரயில் ஒரு நடைக்குக் கொண்டுவந்தது 25 லட்சம் லிட்டர். ஆகவே, ஒரு நாள் நல்ல மழையில் நாம் வாசல் வழியாகச் சாக்கடைக்கு அனுப்புவது 112 ரயில் வண்டிகள் சுமந்து வரக்கூடிய ஜலமாகும்! அத்தனையும் பூமியில் இறங்கிக் கிணற்றில் அகப்படும் என்று நாம் சொல்லவில்லை. அதில் ஒரு பகுதி தங்கினாலும் லாபமே.

கார் வைத்திருப்பவரை மண் தரைக்குத் திரும்புமாறு சொன்னால் கேட்க மாட்டார். அவருக்கு ஒரு நடுவழி இருக்கிறது. நீர் புகும் கான்கிரீட் என்பது அதன் பெயர். இது புதிய மாயவித்தையன்று. மணலில்லாத கான்கிரீட்டினால் இங்கிலாந்தில் 1852-லேயே வீடு கட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்தில் 1970-களிலிருந்து வண்டி நிறுத்துமிடங்களுக்கு உபயோகிக்கிறார்கள். மணலில்லாக் கான்கிரீட்டைப் பற்றி நமது தேசத்தின் தர நிர்ணய ஸ்தாபனமே 1989-ல் விதிமுறை வெளியிட்டிருக்கிறது.

இதன் தத்துவம் எளிது. சாதாரணக் கான்கிரீட்டில் ஜல்லிகளுக்கு இடையிலுள்ள சந்துகளை மணல் அடைக்கிறது. இதில் மணலை அடியோடு நீக்கி விடுகிறார்கள். அல்லது மிகக் கொஞ்சமாகச் சேர்க்கிறார்கள். ஏறக்குறைய ஒரே அளவாகச் சலித்த சிறு ஜல்லியும் சிமெண்டும் அளவான தண்ணீருமே சரக்கு. ஒவ்வொரு ஜல்லியின்மீதும் சிமெண்ட் குழம்பு ஓர் உறைபோல் படிந்து, ஜல்லிகள் தொடுமிடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. மிஞ்சும் சந்துகள் ஒன்றோடொன்று கலந்து, தரையின் கன அளவில் 100-க்கு 15 முதல் 25 பங்கு வரை வெற்றிடமாக நிற்கும். சதுர மீட்டருக்கு நிமிஷத்துக்கு 100 லிட்டருக்கு மேல் ஜலம் இதன் வழியே இறங்கும். எந்தப் பெருமழையும் இதைவிட வேகமாகப் பெய்வதில்லை.

மேல் தரையைவிட முக்கியமானது அடியிலுள்ள ஜல்லிப் படுகை. 15 சென்டிமீட்டர் கனமுள்ள தரையும், அதற்கடியில் 30 சென்டிமீட்டர் கனத்துக்குப் பெருஜல்லியும் போட்டால், இரண்டும் சேர்ந்து சுமார் 15 சென்டிமீட்டர் மழையைத் தம்முள் தேக்கிக்கொள்ளும். கீழேயுள்ள மண் அதை நிதானமாகக் குடிக்கும். வாசலுக்கு அடியில் ஒரு சிறு ஏரி வெட்டியதாகவே கொள்ளலாம்.

இதற்குச் சொல்லப்படும் ஆக்ஷேபணைகளில் நியாயமுள்ளவற்றை நாம் மறைக்க விரும்பவில்லை. சாதாரணக் கான்கிரீட்டின் வலிமை இதற்குக் கிடையாது. காரும் மோட்டார் சைக்கிளும் தாங்கும், லாரி ஓடும் சாலைக்கு ஏற்றதல்ல. தூசியும் சருகும் துவாரங்களை அடைக்கும். வருஷத்துக்கு ஓரிரு முறையாவது வேகமாகத் தண்ணீர் பீய்ச்சியோ, உறிஞ்சும் யந்திரத்தைக் கொண்டோ சுத்தம் செய்யாவிட்டால் சில வருஷங்களில் அது வெறும் சிமெண்ட் தரையாகிவிடும். வேலையிலும் ஜாக்கிரதை வேண்டும். தண்ணீர் மிஞ்சினால் குழம்பு வழிந்து அடியில் அடைத்துக்கொள்ளும். குறைந்தால் ஜல்லி உதிரும். மேஸ்திரி பழக்கத்தினால் கரணை கொண்டு வழவழவென்று மெழுகிவிட்டால் சந்துகள் மூடி, செலவெல்லாம் வீணாகும். போட்டவுடன் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி ஒரு வாரம் ஈரம் காக்க வேண்டும்.

மண்ணின் குணத்தையும் அறிய வேண்டும். திருவான்மியூர், சாந்தோம் போன்ற கடலோர மணற்பாங்கான பகுதிகளில் ஜலம் விரைவில் இறங்கும். அண்ணா நகர், மேற்கு மாம்பலம் போன்ற களிமண் பகுதிகளில் மெதுவாகவே இறங்கும். அங்கே படுகையின் அடியில் துவாரமிட்ட குழாய் ஒன்று பதித்து, மிஞ்சுவதை வடிகாலுக்கு விட வேண்டும். அப்பொழுதும் ஒரே சமயத்தில் தெருவில் பாயவேண்டிய வெள்ளம் சில மணி நேரம் தாமதித்து வருமாதலால் வடிகாலின் பாரம் குறையும். நிலத்தடி நீர் தரையை ஒட்டி நிற்கும் இடங்களிலும், கட்டிடத்தின் அஸ்திவாரத்தை ஒட்டியும், எண்ணெய் சிந்தும் பட்டறைகளிலும் இது கூடாது. 2015-ல் வந்தது போன்ற ஆற்று வெள்ளத்தை இது தடுத்துவிடும் என்று எவராவது கூறினால் நம்ப வேண்டாம். வருஷந்தோறும் வரும் தெரு வெள்ளத்துக்கும், வருஷந்தோறும் இறங்கும் கிணற்று மட்டத்துக்கும் இது பரிகாரங்களில் ஒன்று. மண் தரையாக விட முடிந்த இடத்தை மண்ணாகவே விடுவது இதனினும் மேலானது.

இனி, அதிகாரிகளின் கடமை. 2003-ஆம் வருஷத்தில் மழைநீர் சேகரிப்பு நமது ராஜ்யத்தில் ஒவ்வொரு கட்டிடத்துக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அதனால் சென்னையில் கிணற்று மட்டம் உயர்ந்ததை நகரவாசிகள் கண்கூடாகக் கண்டார்கள். ஆனால் அந்தத் திட்டம் பெரும்பாலும் மொட்டை மாடியையே நோக்கியது, வாசல் தப்பித்துக்கொண்டது. இங்கிலாந்தில் 2008 அக்டோபர் முதல் வீட்டின் முன்புறத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் நீர் புகாத தளம் போட்டு ஜலத்தைத் தெருவுக்கு விட வேண்டுமானால் அனுமதி பெற்றாக வேண்டும். நீர் இறங்கும் தளமானால் அனுமதி வேண்டியதில்லை. ஜெர்மனியின் பல நகரங்களில் மூடிய தரையின் அளவைக் கணக்கிட்டு மழை ஜலக் கட்டணம் வசூலிக்கிறார்கள். மழைக்காலத்தில் செயலிழந்த வடிகால்களைப் பற்றிப் புலம்பும் நமக்கு இவ்வித விதியொன்று செய்வதில் என்ன தடை?

கார்ப்பரேஷன் முதலில் தன் வீட்டைச் சீர்திருத்தட்டும். வடிகால்களுக்கு ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் செலவிடும் ஸ்தாபனம், நடைபாதையில் மரத்தின் வேர்வரை சிமெண்ட் பூசுவது முறையாகாது. மணல், களிமண், பாறை ஆகிய மூவகை நிலத்திலும் பள்ளி முற்றம் ஒன்றில், வண்டி நிறுத்துமிடம் ஒன்றில் இந்தத் தரையைப் போட்டு, இரண்டு மழைக்காலங்கள் அளந்து பார்த்து, முடிவை ஜனங்களுக்கு வெளியிட வேண்டும். மேஸ்திரிகளுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும். பழுதின்றி வைத்திருப்பவர்களுக்குச் சொத்து வரியில் சிறிது சலுகை காட்டலாம்.

நமது வாசகர்களில் பொதுப்பணியில் ஈடுபட்டவர்கள் அநேகர். வார்டுக் கூட்டங்களில் வடிகால் எங்கே என்று கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி. அதே கூட்டத்தில் தம் வீட்டு வாசலில் விழும் மழை எங்கே போகிறது என்ற கேள்வியையும் அவர்கள் எழுப்ப வேண்டும். ஊராட்சி உரிமை கோரும் ஜனங்கள், தம் மதிலுக்குள் விழும் ஜலத்துக்குத் தாமே பொறுப்பேற்பதுதான் அந்த உரிமைக்கு முதல் தகுதி. வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அடுத்த வடகிழக்குப் பருவ மழைக்கு முன்னால் புதிதாகத் தளம் போட எண்ணுபவர்கள், சிமெண்ட் மூட்டைகளுக்குச் சொல்லியனுப்புமுன் ஒருகணம் யோசிப்பார்களாக.