சரக்குப் போக்குவரவும் கற்ற இளைஞரும்

கல்லூரிக் கல்வியை முடித்து வெளிப்போதரும் நம் இளைஞருள் பெரும்பாலார் நாடுவன நான்கைந்து தொழில்களே. அரசாங்க உத்தியோகம், பாங்கி, ஆசிரியத் தொழில், கணினித் துறை என்பவற்றுக்கு அப்பால் அவர்தம் கருத்துச் செல்வது அரிது. சரக்குப் போக்குவரவு என்றாலோ, மூட்டை தூக்குதலும் லாரி ஓட்டுதலுமே அன்றோ என முகஞ் சுளிப்பார் பலர். இக்காலத்தார் லாஜிஸ்டிக்ஸ் என வழங்கும் இத்தொழில் இகழத்தக்கதன்று என்பதையும், இதனுட் புகுவோர் எங்ஙனம் தொடங்கி எங்ஙனம் மேற்செல்லுதல் தகும் என்பதையும் ஈண்டு ஒரு சிறிது ஆராய்வாம்.

முதற்கண் இத்தொழில் யாது? பொருளைச் சுமத்தல் இதன் ஒரு கூறேயாம். உரிய பொருள், உரிய அளவில், பழுதின்றி, உரிய காலத்தில், உரிய இடஞ் சேருமாறு முன்னரே எண்ணி ஏற்பாடு செய்தலும், அதற்காகுஞ் செலவைச் சுருக்குதலும், அதற்குரிய பத்திரங்களைப் பிழையற முடித்தலும் ஆகிய யாவும் சேர்ந்ததே இத்தொழில். திருப்பூரில் தைத்த பனியன் ஒன்று ஐரோப்பாவிற்குச் செல்லும் வழியை நோக்குமின். அஃது அட்டைப் பெட்டியில் அடுக்கப்பெற்று, கன்டெய்னருள் அடைபட்டு, லாரியேறித் தூத்துக்குடித் துறைமுகம் சேர்ந்து, சுங்க அதிகாரியின் அனுமதி பெற்றுக் கப்பலேறுகின்றது. பலகால் கொழும்பில் வேறொரு பெருங்கப்பலுக்கு மாறிய பின்னரே கடல் கடக்கின்றது. இவற்றுள் ஓரிடத்தில் ஒருநாள் தாழ்ப்பினும் கப்பல் காத்திராது. கப்பல் தவறின் வாங்குவோன் விலை குறைப்பான். அக்குறைவு இறுதியில் தையற்கூடத்துத் தொழிலாளியின் கூலியிலும் வந்து தாக்கும்.

நம் முன்னோர் இதனை இழிதொழிலாகக் கருதினாரல்லர். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏற்றுமதிப் பொருளும் இறக்குமதிப் பொருளும் குவிந்து கிடந்தமையையும், சுங்க அலுவலர் அவற்றின்மீது சோழரின் புலிப்பொறி இட்டமையையும் பட்டினப்பாலை விரித்துரைக்கின்றது. அண்மைக் காலத்திலோ, வழக்கறிஞராகிய வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் 1906-ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விடுத்தார்கள். சட்டங் கற்றார் ஒருவர்க்குக் கப்பற்றொழில் இழிவாகத் தோன்றவில்லை என்பது நாம் ஊன்றி நினைக்கற்பாலது.

இனி, தொடங்கும் வகையை ஆராய்வாம். மேசையிலிருந்து தொடங்குவோரினும் கிடங்கிலிருந்து தொடங்குவோரே இத்தொழிலில் நெடுந்தூரஞ் செல்வர் என்பது என் துணிபு. மால்கம் மக்லீன் என்னும் அமெரிக்கர் வட கரோலினாவில் ஒரு பழைய லாரியுடன் தொழில் தொடங்கியவர். சரக்கை ஒவ்வொரு மூட்டையாக லாரியினின்று இறக்கிக் கப்பலில் ஏற்றுதற்கு ஆகும் காலமும் பொருளும் எத்துணை வீண் என்பதை அவர் கண்டார். மூட்டைகளை விடுத்துப் பெட்டியையே தூக்கிக் கப்பலில் வைத்தாலென்ன என்று எண்ணினார். 1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் அவருடைய ஐடியல் எக்ஸ் என்னுங் கப்பல் 58 பெட்டிகளுடன் நெவார்க்கினின்று ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. இன்று உலகெங்கும் காணுங் கன்டெய்னர் வாணிகம் அதனின்று வளர்ந்ததேயாம். அடிநிலைத் தொழிலின் இடர்ப்பாட்டை அறிந்தவர்க்கே அதன் மாற்றும் புலப்பட்டது.

கிடங்கில் ஓராண்டு நிற்பவன் கற்பன பல. புத்தகத்தில் உள்ள இருப்பும் தட்டில் உள்ள இருப்பும் ஏன் மாறுபடுகின்றன என்பதை அவன் அறிவான். 20 அடிக் கன்டெய்னர் ஏறத்தாழ 33 கனமீட்டர் கொள்ளும் என்பதைப் புத்தகம் கூறும்; பஞ்சை ஏற்றின் இடம் முதலில் நிரம்பும், கருங்கல்லை ஏற்றின் இடம் மிஞ்சியிருக்கவே எடை வரம்பை எட்டும் என்பதைக் கிடங்கே உள்ளத்திற் பதிக்கும்.

அடுத்துக் கற்கத்தக்கது பத்திரம். உள்நாட்டில் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள சரக்கை அனுப்புங்கால், சில விலக்குகள் நீங்கலாக, இ-வே பில் வேண்டும். மாநிலம் கடக்குஞ் சரக்கிற்கு இவ்வேற்பாடு 2018 ஏப்ரல் 1-ஆம் நாள் தொடங்கியது. கடல் கடப்பதற்கு ஷிப்பிங் பில்லும், கடல் கடந்து வருவதற்குப் பில் ஆப் என்ட்ரியும் சுங்கத்தார்க்குக் காட்டல் வேண்டும். உலகிலுள்ள பொருள்களுக்கெல்லாம் எண்ணிட்டு வகுத்த முறை 1988-இல் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டு வரிப்பட்டியலில் அவ்வெண் 8 இலக்கமாகும். ஓரிலக்கம் பிறழின் வரி பிறழும். சுங்கத் தரகர் நிலையத்திற் சேரும் இளைஞன் எச் அட்டையுடன் தொடங்கி, தேர்வெழுதி ஜி அட்டை பெற்று, எழுத்துத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் வென்று, உரிய தகுதிகளுடன் தானே உரிமம் பெறும் தரகனாதலுங் கூடும். படிகள் இத்துணைத் தெளிவாக அமைந்த தொழில்கள் சிலவே.

நிற்க. "ஐயா, கிடங்கிற் சேர்ந்து ஐந்தாண்டு கழிந்தும் கையிற் ஸ்கேனர் தாங்கியவாறே நிற்கின்றோம், ஏணி எங்கே?" என்று வினவுவாரும் உளர். அவர் கூற்றுப் பொய்யன்று. ஒப்பந்தக்காரர் வாயிலாக ஆளெடுத்து, ஒரே வேலையில் நிறுத்தி, வேறொன்றும் கற்பியாது விடும் நிறுவனங்கள் உண்டு. ஆறு மாதப் பயிற்சியில் மேலாளராக்குவோம் என்று விளம்பரஞ் செய்து கட்டணம் பெறும் பயிற்சி நிலையங்களும் உண்டு. சான்றிதழ் வாயிலைத் திறக்கலாம்; படியேற்ற மாட்டாது.

ஆதலின் முதல் வேலையைச் சம்பளத்தால் மட்டும் அளத்தல் ஆகாது. ஓராண்டு முடிவில் இளைஞன் தன்னைத்தானே மூன்று கேட்டல் வேண்டும். என் வேலைக்கு முன்னும் பின்னும் நிகழ்வது யாதென அறிந்தேனா? இந்நிறுவனத்தில் அடியிலிருந்து மேலேறினார் ஒருவரையேனும் கண்டேனா? நான் கற்றது இவ்வாயிலுக்கு வெளியேயும் விலைபோகுமா? மூன்றற்கும் இல்லை என்பதே விடையாயின், அவ்விடம் விட்டு நீங்குதல் குற்றமன்று, கடமையாம். முதலாளிமாரும் ஒன்று உணர்தல் நலம். பணியாளரைக் கிடங்கு, போக்குவரவு, பத்திரம் என மாற்றி மாற்றி அமர்த்துதல் அவர்க்குச் செய்யும் தானமன்று. தம் தொழிலின் பல பகுதிகளையும் அறிந்த ஒருவரைத் தாமே ஆக்கிக் கொள்ளுதலாம்.

இறுதியாக ஒன்று. இத்தொழிலில் முன்னேற்றத்தினும் பெரிது பொறுப்பு. பெய்ரூத் துறைமுகக் கிடங்கில் ஆண்டுக்கணக்கிற் கேட்பாரற்றுக் கிடந்த ஏறத்தாழ 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் 2020 ஆகஸ்டு 4-ஆம் நாள் வெடித்து இருநூற்றுவர்க்கு மேற்பட்டார் மாண்டனர். அதே உப்பு ஏறத்தாழ 700 டன் சென்னை மணலிக்கருகே கன்டெய்னர்களில் 2015 முதல் தேங்கிக் கிடந்ததும், பெய்ரூத்தின் துயரத்திற்குப் பின்னரே விரைந்து ஹைதராபாத்துக்கு அகற்றப்பட்டதும் நாம் மறக்கற்பாலன அல்ல. கிடங்குக் கணக்கில் எழுதிய ஒரு வரி எழுத்தனுக்கு மையாகத் தோன்றலாம். சுற்றியுள்ள தெருக்களில் உறங்குவார்க்கோ அஃது உயிர். "இச்சரக்கு ஏன் இன்னும் இங்கே உள்ளது?" என்று மேலதிகாரியைக் கேட்கும் துணிவும், கேட்டும் விடை வாராவிடின் மீண்டுங் கேட்கும் விடாப்பிடியும் வேண்டும். கற்றவர் இத்தொழிலுக்குக் கொண்டுவரத்தக்க சிறந்த முதல் அவையே.

அரசாங்கம் 2022-இல் தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கையை வெளியிட்டது. துறைமுகங்களும் சாலைகளும் விரிகின்றன. கட்டடங்களைப் பணம் எழுப்பும்; அவற்றுள் நின்று சரியாக எண்ணவும், எண்ணியதை மெய்யாக எழுதவும் வல்ல மக்களைக் கல்விச் சாலைகளே தருதல் வேண்டும். மாணவ நண்பர்காள்! பட்டத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுக் கிடங்கின் வாயிலில் ஓராண்டு நிற்க நாணற்க. எண்ணத் தெரிந்தவனிடமே சரக்கு ஒப்படைக்கப்படும். எண்ணியதில் பொய்யாதவனிடமே நாளடைவில் கிடங்கின் திறவுகோலும் வந்து சேரும்.