ஓரமா உக்காந்துக்கறேன்

சின்ன அறையைப் பெரிதாகக் காட்டுவது எப்படி என்று சொல்லித்தரும் காணொளிகளை ஒருகாலத்தில் ராத்திரி 2 மணிவரை பார்த்திருக்கிறேன். எதிர்ச்சுவரில் கண்ணாடி மாட்டு. வெள்ளை அடி. திரைச்சீலையைக் கூரையிலிருந்து தொங்கவிடு. கோணலான சுவரை அலமாரி அடித்து மறை. ஒன்று காட்டு, இல்லையென்றால் மறை. யாருக்குக் காட்ட, யாரிடமிருந்து மறைக்க என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது, கோபமும் வருகிறது. கோபத்தில் பாதி என்மீதே.

திருவல்லிக்கேணியில் தெரு வளைகிற இடத்தில் ஒரு மாடி போர்ஷன். தெருவோடு சேர்ந்து வீடும் வளைந்துகொண்டது. உள்ளே கட்டில் போட்டால் கதவு முழுசாகத் திறக்காத ஒரு படுக்கையறை. மீதி வாழ்க்கை முழுக்கக் கூடத்தில். கூடத்தின் தெருப்பக்கம், அதாவது வடக்குச் சுவர், 6 அடி. சமையற்கட்டுப் பக்கம், தெற்குச் சுவர், 11 அடி. கிழக்குச் சுவர் நேராக 12 அடி. மேற்குச் சுவர் மட்டும் சாய்ந்துகொண்டே 13 அடி போகும். மொத்தம் 102 சதுர அடி. சாவியைக் கொடுக்கும்போதே வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்: "முன்னாடி குறுகி பின்னாடி அகலம். கோமுகம் சார், ரொம்ப ராசி." மனைக்குச் சொல்வதை அறைக்கும் சொல்லலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கூடவே இன்னொன்றும் சொன்னார்: "ஆணி மட்டும் அடிக்காதீங்க."

பீரோவைக் கன்னி மூலையில்தான் வைக்கணும் என்றார் மாமா. எங்கள் கன்னி மூலை, தென்மேற்கு, செங்கோணத்தைவிடக் குறுகிப்போன மூலை. பீரோ எல்லாப் பக்கமும் நேராக இருக்கிற பெட்டி. முதுகைத் தெற்குச் சுவரோடு ஒட்டினால், முன்முனை மேற்குச் சுவரில் இடிக்கும். பின்னால் 8 அங்குல அகலத்தில் ஒரு முக்கோணப் பொந்து விழும். சீப்பு, தெர்மாமீட்டர், கரண்ட் பில் அட்டை எல்லாம் உள்ளே போயின. வெளியே வந்தவை கரப்பான்கள் மட்டும்தான்.

அப்புறம்தான் நான் செய்த முட்டாள்தனம். சோபா செட் வாங்கினேன். 3 பேர் உட்காருகிற பெரியது ஒன்று, ஒற்றை இரண்டு. விலை 38,000 ரூபாய், மாதத் தவணை. பெரியது மேற்குச் சுவரோடு போயிற்று. எதிரே டிவி. ஒற்றைகளுக்கு இடமில்லாததால் இரண்டையும் வடக்கு ஜன்னலை அடைத்துப் போட்டேன். அந்த வீட்டில் காற்று வருகிற ஒரே ஜன்னல் அது. ஒற்றை சோபாக்களில் ஒரு மனுஷன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. துவைத்த துணிகள்தான் உட்கார்ந்திருந்தன.

அம்மா ஊரிலிருந்து வந்தபோது முட்டி தேய்ந்திருந்தது. தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சோபா தாழ்வாக, உள்வாங்குகிற மாதிரி இருக்கும். உட்கார்ந்தால் ஒரு ஆள் கைகொடுக்காமல் அவரால் எழுந்திருக்க முடியாது. யாரிடமும் சொல்லாமல், முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன பிளாஸ்டிக் ஸ்டூலைத் தேடி எடுத்து, சமையற்கட்டு வாசலில் போட்டுக்கொண்டார். முதுகுக்குச் சாய்மானம் கிடையாது. காற்று கிடையாது. 5 மாதம் அப்படி. நான் ஒருநாள் கேட்டதற்குச் சொன்னார்:

"எனக்கு எதுக்குடா எடம்? நான் பாட்டுக்கு ஓரமா உக்காந்துக்கறேன்."

அன்றிலிருந்து ஒரு மாதம் கணக்கு வைத்தேன். விருந்தாளி வந்து சோபாவில் உட்கார்ந்தது 4 நாள். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தது எல்லா நாளும், காலைக் காபியிலிருந்து ராத்திரி சீரியல் வரை. 4 நாளைக்கு வருகிறவர்களுக்கு 38,000 ரூபாய். 30 நாளும் இருக்கிறவருக்கு, வேறு யாரோ விட்டுப்போன ஸ்டூல்.

இந்த 'ஓரமா' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். உங்கள் வீட்டிலும் அதைச் சொல்கிற ஒருவர் இருப்பார். அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. அறை சதுரமாக இருந்தால் அந்த ஓரம் கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் எங்கேயோ அடங்கிவிடும். கோணல் அறையில் எல்லாமும் அடங்காது. எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். அப்போது எதை விடுகிறோம், யாரை விடுகிறோம் என்பதில் வீட்டின் லட்சணம் வெளியே வந்துவிடும். எங்கள் வீட்டில் நாங்கள் சோபாவை விடவில்லை, அம்மாவை விட்டோம்.

பழைய வீட்டைப் புகழ நான் வரவில்லை. பாய் காலையில் சுருண்டு மூலைக்குப் போகும், மணையைச் சாப்பிட்டதும் சுவரில் சாத்திவைப்பார்கள், விளக்குக்குச் சுவரிலேயே மாடம் இருக்கும், உண்மைதான். இடத்தை நாள் முழுக்கப் பிடித்துவைக்காத சாமான்கள் அவை. ஆனால் அந்த வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவிலேயே நிற்கவேண்டும், பெண்கள் எந்தக் கதவுக்குப் பின்னால் என்பதும் நமக்குத் தெரியும். அந்தக் காலம் நமக்கு மாதிரி ஆகாது. நகர்கிற சாமான் என்ற யோசனையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

1926இல் பிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி ஒரு சமையலறையை வடிவமைத்தார். சுமார் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். அடுப்புக்கும் தொட்டிக்கும் மேசைக்கும் நடுவே அங்கே வேலை செய்பவள் எத்தனை எட்டு வைக்கவேண்டும் என்று யோசித்துத்தான் எல்லாவற்றையும் வைத்தார். அந்தச் சமையலறையில் இரண்டாவது ஆளுக்கு இடமில்லை என்று பிற்பாடு விமர்சனம் வந்தது, நியாயமான விமர்சனம்தான். ஆனாலும் அதில் அவளுக்கென்று ஒரு சுழலும் நாற்காலி இருந்தது. உட்கார்ந்து காய் நறுக்கலாம் என்று ஒருவர் யோசித்திருக்கிறார். நான் யோசிக்கவில்லை.

கோணலைக் கண்டு ஏன் இவ்வளவு பயம்? திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் வளைந்த சுவர்களாகவே கட்டித்தள்ளினார். ஒரே நீளச் சுவரால் சதுரமாக வளைப்பதைவிட வட்டமாக வளைத்தால் அதிக இடம் கிடைக்கும், செங்கல் மிச்சம். கட்டும்போதே உட்காரச் செங்கல் மேடையும் வைத்துவிடுவார். பெட்டிபெட்டியாகச் செய்த சாமான்தான் அங்கே திணறும், மனுஷர்கள் திணறமாட்டார்கள். மனுஷ உடம்பில் செங்கோணம் எங்கே இருக்கிறது?

"நாற்காலி போடறதுக்கா இவ்வளவு ஆவேசம்?" என்றான் நண்பன். "வாடகை வீடு, கையில் காசில்லை, இருப்பதைக் கொஞ்சம் அழகாக வைத்துக்கொள்ள நினைப்பது தப்பா?" தப்பில்லை. அழகுமேல் எனக்கு விரோதம் இல்லை. ஆனால் புகைப்படத்தில் வராத ஆளைக் கணக்கில் சேர்க்காத அழகுமேல் உண்டு. இன்னொன்று, காசில்லாதவன்தான் முதலில் சோபா செட்டை விடவேண்டும்.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். சோபாவை 11,000 ரூபாய்க்கு விற்றோம். நஷ்டம்தான். பிறகு எதையும் வாங்கவில்லை. ஒரு வாரம் பழைய செய்தித்தாள்களை ஒட்டி, நாற்காலி அளவுக்கு, மேசை அளவுக்கு வெட்டித் தரையில் போட்டு அதைச் சுற்றி நடந்தோம். எங்கே மிதிபடுகிறதோ அங்கே சாமான் கூடாது. நடக்க இரண்டரை அடியாவது விட்டோம். பெட்டி வடிவச் சாமான்கள் எல்லாம் செங்கோணம் இருக்கிற கிழக்குச் சுவருக்குப் போயின, பீரோ உட்பட. மாமா ஒரு மாதம் பேசவில்லை. கன்னி மூலையின் முக்கோணத்துக்கு, தச்சரிடம் அளவு கொடுத்து, ஆணி தேவைப்படாமல் காலில் நிற்கிற ஒரு முக்கோண அலமாரி செய்தோம். என் புத்தகங்கள் அதில். சாய்ந்த சுவரோடு எதையும் ஒட்டவில்லை. பாயும் மடக்கு நாற்காலி நான்கும் அங்கே சாய்ந்து நிற்கும், ஆள் வந்தால் விரியும்.

வடமேற்கு மூலை செங்கோணத்தைவிட விரிந்தது, ஜன்னலை ஒட்டியது. அங்கே குறுக்காக ஒரே ஒரு பிரம்பு நாற்காலி. உட்காரும் உயரம் 18 அங்குலம், அழுத்தி எழுந்திருக்க இரண்டு பக்கமும் கை. அதிலிருந்து பார்த்தால் தெரு வளைகிற இரண்டு பக்கமும் தெரியும்.

முதல் வாரம் அம்மா அதில் உட்காரவில்லை. "யாராச்சும் வந்தா உக்காரட்டும்" என்று துணி போட்டு மூடிவைத்தார். ஸ்டூலைத் தூக்கி மொட்டைமாடியில் போட்டபிறகுதான் போய் உட்கார்ந்தார். இப்போது விருந்தாளி வந்தால் எழுந்திருக்கப் பார்க்கிறார். "உக்காரும்மா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லவேண்டியிருக்கிறது.

உங்கள் அறையில் எந்தச் சாமானை எங்கே போடுவது என்று என்னைக் கேட்டு எழுதாதீர்கள். உங்கள் வீட்டில் 'ஓரமா' என்று சொல்கிறவர் யாரென்று பாருங்கள். அவருக்குக் காற்று வருகிற இடத்தில் முதலில் ஒரு நாற்காலி போடுங்கள். மற்றதெல்லாம் மீதி இடத்தில் அடங்கினால் அடங்கட்டும்.