புதர் செய்த பிழை என்ன?

'புதர் மண்டிக் கிடக்கிறது' என்று நாளிதழ்கள் எழுதும்போதெல்லாம் நமக்கு எரிச்சல் மூளுகிறது. மரம் அடர்ந்தால் சோலை. புதர் அடர்ந்தால் புகார் மனு! நெய்வேலி நகரியத்தில் மரக்கன்று நட்டுப் படமெடுத்துக் கொண்டவர் பலர். விடத்தேரைக் கன்றை ஏந்தி நின்றவரை நாம் கண்டதில்லை.

விடத்தேரை இம்மண்ணின் முட்புதர். வறட்சியில் இலையுதிர்க்கும். மேற்பாதி இளஞ்சிவப்பும் கீழ்ப்பாதி மஞ்சளுமாகப் பூங்கதிர் தொங்கும். சங்கப் புலவர்கள் விடத்தர் என்றது இதனையே. பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்தில், சேரனின் படை பாழாக்கிய கரும்பு வயல்களில் அது முளைத்து நிற்கிறது. காய் முறுக்கிக் கிடப்பதைக்கூடப் புலவர் காணத் தவறவில்லை. பாழ்நிலத்தின் அடையாளம் அன்று விடத்தர். இன்று நம்மூரிலோ பாழ்நிலத்தில் அதுவும் முளைப்பதில்லை. 1950களிலிருந்து பழுப்பு நிலக்கரிக்காகப் பல பத்து மீட்டர் ஆழத்திலிருந்து புரட்டிக் குவிக்கப்பட்ட அடிமண்ணில் உறங்கும் விதை ஏது? எவரேனும் விதைத்தால்தான் உண்டு.

'முள்ளை யாராவது வளர்ப்பார்களா?' என்பர். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையடுத்துச் சீமைக்கருவேலத்தை வேரறுத்தபோதும் இப்பேச்சே கேட்டது. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தேறியது. விடத்தேரை இனமும் கியூபாவுக்குப் போய், மராபு என்ற பெயரில் விளைநிலங்களை விழுங்கியதை மறுக்கவில்லை. அங்கு அது அயல், இங்கு உரிமைக்குடி. அதன் காய் ஆட்டுக்கு இரை. வேர் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். பொக்லைனுக்கு இந்த வேறுபாடு தெரியாது. நமக்குமா தெரியாது?

வளர்ப்பது அரிதன்று. முறுக்கிய காய்கள் பழுப்பேறியதும், ஆடுகள் முந்துமுன் பறிக்க வேண்டும். விதையுறை கடினமானது, அப்படியே ஊன்றினால் நெடுநாள் வாளாவிருக்கும். கொதித்து இறக்கிய நீரிலிட்டு ஓரிரவு ஆறவிட்டால், பருத்தவை முளைக்கும். பருக்காதவற்றின் ஓரத்தைச் சற்றே கீறி மீண்டும் ஊறவிடலாம். செம்மண்ணும் மணலும் கலந்த பையில் விரல்நக ஆழத்தில் ஊன்றுக. ஆணிவேர் விரைந்து இறங்கும்; ஆகவே பை நீளமாயிருத்தல் நலம். ஐப்பசி மழையில் நடலாம்.

சென்ற ஆண்டு ஒரு வளாகத்தில் நாம் பன்னிரண்டு கன்றுகள் நட்டோம். பங்குனியில் இலையுதிர்ந்து நின்ற ஐந்தினைப் பட்டுப்போனவை என்று பிடுங்கி எறிந்துவிட்டனர். எஞ்சிய ஏழும் கோடைமழைக்குப் பின் துளிர்த்தன.