யந்திரம் எந்த மேஜையில் இருக்க வேண்டும்?

ராஜ்ய சர்க்கார்கள் மின்னணு யந்திரங்களைக் கொண்டு தம் அலுவல்களை நடத்த முற்பட்டுக் கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. இதற்கான திட்டங்கள் வகுக்கப்படும்போது, எத்தனை யந்திரங்கள் வாங்குவது, எத்தனை அலுவலகங்களில் அவற்றை நிறுவுவது, எவ்வளவு பொருள் ஒதுக்குவது என்பனவே பெரும்பாலும் விவாதிக்கப்படுகின்றன. யந்திரம் எந்த மேஜையின் மீது வைக்கப்படும், அம்மேஜையில் அமர்ந்திருப்பவரின் வேலை மறுநாள் முதல் எவ்வாறு மாறும் என்ற கேள்வி கடைசியில்தான் எழுகிறது. சில சமயங்களில் எழுவதே இல்லை. ஆனால் திட்டங்கள் பலித்ததும் பலிக்காததும் பெரும்பாலும் இக்கேள்வியைப் பொறுத்தே அமைந்திருக்கின்றன.

கர்நாடகத்தின் நிலப் பதிவேடுகளை எடுத்துக்கொள்வோம். அங்கு 'பஹணி' என்று வழங்கும் பத்திரத்தில் நிலத்துக்கு உரியவர் பெயர், விஸ்தீரணம், மண்ணின் தரம், பாசன வசதி, பயிர், நிலத்தின் மீதுள்ள கடன் ஆகிய யாவும் அடங்கும். பாங்கிக் கடனுக்கும் கோர்ட்டு வழக்கிற்கும் அதுவே ஆதாரம். அதைக் கையினால் எழுதிப் பராமரித்து வந்தவர்கள் சுமார் 9,000 கிராமக் கணக்கர்கள். ஒவ்வொருவரிடமும் மூன்று நான்கு கிராமங்கள் இருந்தன. பதிவேடு அவருடைய பையில் இருந்தபடியால், நகல் வேண்டிய விவசாயி அவர் வரும் நாளுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. நாணயமானவர்கள் பலர் இருந்தனர். எனினும் திருத்தவும் மறைக்கவும் வழி திறந்தே கிடந்தது.

நிலப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பணியை மத்திய சர்க்கார் 1988-89-ஆம் ஆண்டில் நாட்டின் 8 ஜில்லாக்களில் தொடங்கிவைத்தது. கர்நாடகத்தில் 1991-இல் சோதனை முறையில் வேலை ஆரம்பமாயிற்று. 1996-க்குள் எல்லா ஜில்லாக்களுக்கும் அனுமதி கிடைத்தது, பணமும் கிடைத்தது. ஆயினும் பயன் விளையவில்லை. காரணம் எளியது. யந்திரங்கள் ஜில்லாத் தலைநகரில் வைக்கப்பட்டன. ஆனால் பதிவேடு திருத்தப்படுவதோ தாலுகாவில். விற்பனை, பாகப்பிரிவினை, வாரிசு உரிமை ஆகியவற்றால் தாலுகாவில் தினந்தோறும் பதிவுகள் மாறிக்கொண்டிருக்க, தலைநகரத்து யந்திரமோ ஏற்றப்பட்ட நாளின் நிலையையே காட்டிக்கொண்டிருந்தது. பழைய பஞ்சாங்கத்தைப் பொன் எழுத்தில் அச்சிட்டாற்போன்ற காரியம் அது.

இந்தப் பிழையை உணர்ந்து வகுக்கப்பட்டதே 'பூமி' என்னும் திட்டம். தேசியத் தகவல் மையம் அதற்கான மென்பொருளை அமைத்தது. சுமார் 67 லட்சம் விவசாயிகளின் 2 கோடி பதிவுகள் யந்திரத்தில் ஏற்றப்பட்டு, 2002-ஆம் ஆண்டு வாக்கில் எல்லாத் தாலுகா அலுவலகங்களிலும் ஜன்னல்கள் திறக்கப்பட்டன. 15 ரூபாய் செலுத்திய விவசாயிக்குச் சில நிமிஷங்களில் பஹணி கிடைத்தது. பெயர் மாற்றத்துக்கான மனுக்கள் வந்த வரிசைப்படியே எடுக்கப்பட வேண்டும் என்றும், பதிவைத் தொடும் ஊழியர் தம் கைரேகையை முதலில் யந்திரத்துக்குக் காட்ட வேண்டும் என்றும் ஏற்பாடாயிற்று. யார், எந்த நாளில், எதைத் திருத்தினார் என்பது இதனால் அழியாமல் நின்றது.

இவற்றைவிடப் பெரிதாக மதிக்கத்தக்க காரியம் ஒன்று உண்டு. ஒரு தாலுகாவில் யந்திரப் பதிவு நடைமுறைக்கு வந்ததும், கையால் எழுதிய பஹணி செல்லாது என்று சர்க்கார் அறிவித்துவிட்டது. இது தொழில்நுட்ப முடிவு அல்ல, நிர்வாகத் துணிவு. பழைய ஏடும் புதிய யந்திரமும் அருகருகே செல்லுபடியாகும் இடங்களில் ஊழியருக்கு வேலை இரட்டிப்பாகிறது. இரண்டும் முரண்படும்போது அவரவர்க்குச் சாதகமானதை எடுத்துக் காட்டுகிறார்கள். பல இலாகாக்களில் இன்றும் இந்த இரட்டைக் கணக்கே நடந்துவருகிறது. பகலில் யந்திரத்திலும் இரவில் ரிஜிஸ்தரிலும் ஒரே விவரத்தை எழுதும் களப்பணியாளர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பூமித் திட்டத்தைப் புகழ்வோர் ஒரு குறையைக் கூறாமல் விட்டுவிடுகிறார்கள். முன்பு கணக்கர் கிராமத்துக்கு வந்தார். பின்பு விவசாயி தாலுகாவுக்குப் போகவேண்டியதாயிற்று. கட்டணம் 15 ரூபாய்தான். பஸ் சத்தமும் ஒரு நாள் கூலியும் அதைவிட அதிகம். ஜன்னலில் நிற்கும்போது மின்சாரம் நின்றுவிட்டால் மறுநாளும் வரவேண்டும். பல ஆண்டுகள் கழித்தே இச்சேவை ஹோப்ளி மட்டத்துக்கு இறங்கியது. முதலில் 'நெம்மதி' மையங்கள், பிறகு 2012-இன் இறுதியில் ரெவினியூ இலாகாவே நடத்தத் தொடங்கிய மையங்கள் எனப் படிப்படியாக அது கிராமத்தை நெருங்கியது. தொடக்கத்திலேயே கிராமக் கணக்கர்களையும் விவசாயிகளையும் கலந்து இத்தூரத்தை அளந்திருக்கலாம். அளப்பதற்கு யந்திரம் தேவையில்லை.

மற்றொன்று: யந்திரம் பிழையைத் திருத்துவதில்லை. ஏட்டில் தவறாக இருந்த பெயர் திரையிலும் தவறாகவே தோன்றும். அச்சில் வந்துவிட்டபடியால் அதற்கு அதிக மதிப்பும் உண்டாகிவிடும். ஆகவே ஏற்றிய விவரத்தை ஊர் அறிந்தவர் ஒப்பிட்டுப் பார்க்கும் காலத்தைச் சுருக்குவது ஆபத்தான சிக்கனம். இலக்கு நாள் நெருங்குகையில் முதலில் வெட்டப்படுவது இந்தக் காலமே என்பதும் அனைவரும் அறிந்தது.

மத்தியப் பிரதேசத்தில் தார் ஜில்லாவில் 2000 ஜனவரியில் தொடங்கிய 'ஞானதூத்' வேறொரு பாடத்தைத் தருகிறது. கிராமங்களில் தகவல் நிலையங்கள் அமைத்து, சந்தை விலையை அறியவும் சான்றிதழுக்கு மனுச் செய்யவும் வசதி செய்யப்பட்டது. அதே ஆண்டில் ஸ்டாக்ஹோமில் அதற்குச் சர்வதேசப் பரிசும் கிடைத்தது. ஆனால் மின்சாரம் நிலையாக இல்லை. தொலைபேசிக் கம்பி அடிக்கடி செயலிழந்தது. மனு யந்திரத்தின் வழியே போய்ச் சேர்ந்த பின்னும் ஜில்லா அலுவலகத்தில் அது பழைய கோப்பு முறையிலேயே நகர்ந்தது. வாசலில் விளக்கு, உள்ளே இருட்டு. பரிசு கிடைத்த வருஷத்தைக் கொண்டு ஒரு திட்டத்தை மதிப்பிடுவதைவிட, அது பத்தாவது வருஷத்தில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதே நியாயம்.

தேசிய மின் ஆளுகைத் திட்டம் 2006 மே மாதத்தில் அங்கீகரிக்கப்பட்டது. அதன் 27 பிரிவுகளில் ஒரு பகுதி ராஜ்யங்களின் பொறுப்பில் விடப்பட்டது. ராஜ்ய அளவிலான கம்பித்தொடர், தகவல் களஞ்சியம், ஒரு லட்சம் பொதுச் சேவை மையங்கள் ஆகிய அஸ்திவாரங்களுக்கு மத்திய உதவி ஏற்பாடாயிற்று. இந்தப் பங்கீடு சரியானதே. சாலையைப் பொதுவாகப் போடலாம். வண்டியில் எதை ஏற்றுவது என்பதை அந்தந்த ராஜ்யம் தீர்மானிக்க வேண்டும். சில ராஜ்யங்கள் சாலையை மட்டும் பெற்றுக்கொண்டு ஓய்ந்தன.

உபாத்தியாயர்கள் கவனிக்கத்தக்க உதாரணம் கேரளத்தில் இருக்கிறது. 2001-இல் அங்கு 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற பள்ளித் திட்டம் பிறந்தது. வெளியிலிருந்து நிபுணர்களை அமர்த்தாமல், உபாத்தியாயர்களிலிருந்தே சிலரைத் தேர்ந்து பயிற்சி அளித்து, அவர்களைக் கொண்டு ஏனையோரைப் பழக்கினார்கள். விலைகொடுத்து உரிமம் வாங்க வேண்டிய மென்பொருளை விட்டு, எவரும் திருத்திப் பயன்படுத்தக்கூடிய சுதந்திர மென்பொருளுக்கு மாறினார்கள். மலையாளத்திலேயே வேலை செய்யும்படி அதை அமைத்தார்கள். சிக்கனம் ஒரு லாபம். அதைவிடப் பெரியது, பழுது ஏற்பட்டால் பக்கத்துப் பள்ளி உபாத்தியாயரைக் கேட்கலாம் என்ற நிலை. 2018 ஜனவரியில் 8 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்காக 45,000 வகுப்பறைகளை நவீனமாக்கும் பணி தொடங்கியபோது, யந்திரத்தை இயக்கத் தெரிந்தவர்கள் ஏற்கனவே வகுப்பறையில் இருந்தார்கள். யந்திரம் முதலில் வந்து மனிதர் பின்னர் பழக்கப்படும் வழக்கமான வரிசை இங்கு மாற்றப்பட்டிருந்தது.

2020-இல் தொற்றுநோயினால் பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வருஷம் ஜூன் முதல் தேதி அன்றே கேரளத்தில் பாடங்கள் தொடங்கின. இன்டர்நெட்டை மட்டும் நம்பி அல்ல, 2005 முதல் நடந்துவந்த 'விக்டர்ஸ்' என்னும் கல்வித் தொலைக்காட்சியின் வழியாக. செல்பேசி இல்லாத வீட்டிலும் தொலைக்காட்சி இருக்கலாம் என்ற எளிய கணக்கு அதற்கு அடிப்படை. அப்படியும் சுமார் 2.6 லட்சம் குழந்தைகளுக்கு இரண்டு வசதியும் இல்லை என்று சர்க்காரின் கணக்கெடுப்பே காட்டியது. அவர்களுக்காக வாசகசாலைகளிலும் அங்கன்வாடிகளிலும் தொலைக்காட்சிகள் வைக்கப்பட்டன. எவருக்கு எட்டவில்லை என்பதை முன்கூட்டி எண்ணிப் பார்த்த நிர்வாகத்துக்கும் அந்த எண் சிறிதாக இல்லை. எண்ணாத ராஜ்யங்களில் அக்குழந்தைகள் எத்தனை பேர் என்று எவரால் கூற முடியும்?

யந்திரம் நிலத்தைப் போன்றதன்று. ஐந்தாறு ஆண்டுகளில் தேய்ந்துவிடும். கேரளத்தின் வகுப்பறைக் கருவிகளை வாங்கியபோதே ஐந்தாண்டு உத்தரவாதம் பெறப்பட்டது. பல இடங்களில் அதுவும் பெறப்படுவதில்லை. வாங்குவதற்குத் தலைப்பு உண்டு, பழுது பார்ப்பதற்குத் தலைப்பு இல்லை. மின்கலம் செத்த ஒரு யந்திரத்துக்காகத் தலைமையாசிரியர் மூன்று கடிதங்கள் எழுதி, பதில் வராமல், அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார். பொருட்பட்டியலில் அது இன்னும் 'உபயோகத்தில் உள்ளது' என்றே இருக்கிறது. ராஜ்யத் தலைநகரில் அடுத்த திட்டத்தை எழுதுபவர் அந்தப் பட்டியலைத்தான் முன்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறார். பூட்டிய பீரோவைப் பற்றி அவருக்குத் தெரிவிக்க வேண்டிய படிவம் எதுவும் இதுவரை அச்சடிக்கப்படவில்லை.