பொருந்திய வளைகோடு சான்றாகுமா?

சித்தூர், திருப்பதி வட்டாரப் பொறியியல் ஆய்வு மாணவர்க்கு அணு உலை தொலைதூரத்துப் பொருளன்று. 1985இல் இயங்கத் தொடங்கிய சோதனை ஈனுலை கல்பாக்கத்தில்தான் உள்ளது. எனினும், அதன் எரிபொருளைப் பொதிந்த எஃகு உறை நியூட்ரான் பட்டு வீங்கி இறுகியபின் அதைக் கையில் எடுத்து இழுத்துப் பார்க்க எவராலும் இயலாது. ஆகவே கணினியே அவர்களுக்கு ஆய்வுக்கூடம்.

அங்கு முறைகளை ஒப்பிடும் வழக்கில்தான் கோளாறு. மூலக்கூறு இயக்கவியல் அணுக்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்வதால் பலரையும் மயக்குகிறது. ஆனால் அதில் திரிபு வீதம் நொடிக்குப் பத்துக் கோடி அளவில் அமைகிறது. ஆய்வுக்கூட இழுவைச் சோதனையிலோ பத்தாயிரத்தில் ஒரு பங்கே. இலட்சம் கோடி மடங்கு வேறுபாடு! படிக நெகிழ்மை முறை அந்த மெதுவான வேகத்தை எட்டும். தகைவு–திரிபு வளைகோட்டோடு அழகாகப் பொருந்தவும் செய்யும். பொருந்தாமல் என்ன செய்யும், அளபுருக்களை அவ்வளைகோட்டிலிருந்தே எடுத்திருக்கும்போது?

கதிர்வீச்சுபட்ட உலோகம் சீராக வளைவதில்லை. நகரும் டிஸ்லொகேஷன்கள் நுண்குறைகளைத் துடைத்துக் குறுகிய தடங்களை உண்டாக்க, திரிபு அவற்றுள் குவிகிறது. விரிசல் பெரும்பாலும் அத்தடங்கள் படிக எல்லையை முட்டுமிடத்தில் பிறக்கிறது. டிஸ்லொகேஷன் இயக்கவியலில் இத்தடம் தானாக உருவாகக்கூடும். படிக நெகிழ்மையில் அதற்கான மென்மையாதல் விதியை ஆய்வாளரே புகுத்தவேண்டும். எனவே ஒப்பிடவேண்டியது வளைகோட்டையன்று, எவரும் பொருத்தாத தடத்தின் அகலத்தையும் இடைவெளியையும். ஒரே மாதிரியை இரு முறைகளிலும் ஓட்டி, இவ்விரண்டையும் மின்னணு நுண்ணோக்கிப் படங்களோடு வைத்துப் பார்க்காத ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் திருப்பி அனுப்பலாம்.