பட்டத்துக்குச் சட்டம் உண்டு, சுவருக்கு?

2019 டிசம்பர் 2 அதிகாலை. மேட்டுப்பாளையம் நடூரில் ஏறத்தாழ 20 அடி உயரக் கருங்கல் சுவர் கனமழையில் சரிந்து, ஒட்டியிருந்த தலித் மக்களின் வீடுகள் மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் மாண்டார்கள். அதைத் தீண்டாமைச் சுவர் என்றே நம் மக்கள் சொன்னார்கள். ஆபத்து இருப்பதை முன்பே முறையிட்டோம் என்றும் சொன்னார்கள். சுவரின் சொந்தக்காரர் மீது வழக்கு பாய்ந்தது. நாம் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்றும் இருக்கிறது: மழைத் தண்ணீரில் ஊறினாலும் இத்தனை உயரச் சுவர் நிற்கும் என்று பொறுப்பேற்க வேண்டியவர் யார்?

கட்டடக் கலைத் தொழிலை அரசு எந்த அளவுக்கு ஒழுங்குபடுத்தலாம் என்ற விவாதத்தில் ஆர்க்கிடெக்டுகளும் பொறியாளர்களுமே பேசுகிறார்கள். யார் பிளான் போடலாம், யார் எந்தப் பட்டத்தை வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அங்கே சண்டை. சுவருக்குக் கீழே குடியிருப்பவர் அந்தப் பேச்சிலேயே வருவதில்லை.

1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்டுகள் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். பதிவு செய்யாதவர் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ளக் கூடாது. மீறினால் முதல் முறை 500 ரூபாய் வரை அபராதம் என்று எழுதி வைத்தார்கள். 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: இந்தச் சட்டம் காப்பது பட்டப் பெயரை, பதிவு இல்லாதவர் கட்டடம் வடிவமைப்பதை அது தடுக்கவில்லை. இச்சட்டப்படி அமைந்த கவுன்சிலில் ஆர்க்கிடெக்டுகள், கல்லூரித் தலைவர்கள், அரசுப் பிரதிநிதிகள், பொறியாளர் அமைப்பினர் இருக்கிறார்கள். குடியிருப்பவருக்கோ, கல் சுமக்கும் தொழிலாளிக்கோ என்று ஓர் இடமும் ஒதுக்கவில்லை.

சட்டத்தை இறுக்கினால் ஏழைக்குத்தான் செலவு என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஓர் அறை வீடு கட்டுகிறவர் பிளானுக்குக் கொடுக்கும் பணத்தில் சிமெண்ட் வாங்கிவிடுவார். எல்லாவற்றுக்கும் பட்டதாரிதான் வேண்டும் என்றால், நம் கொத்தனார்களின் பிழைப்பில் மண் விழும். அதே 1972 சட்டம், அதற்கு முன் 5 ஆண்டுகள் ஆர்க்கிடெக்ட் தொழில் செய்தவர்களுக்குப் பட்டப்படிப்பு இல்லாமலே பதிவு கொடுத்தது. அனுபவமும் தகுதிதான் என்று அன்றே அரசு ஒப்புக்கொண்டது. 30 ஆண்டு கட்டிய கொத்தனாருக்குச் சோதனை வைத்து, சிறு வீடுகளுக்கு மட்டும் உரிமம் தர இன்று என்ன தடை?

ஆகவே ஒழுங்குமுறை வேண்டும். ஆபத்தின் அளவுக்கு வேண்டும். சிறு வீட்டை ஒன்றியப் பொறியாளர் கட்டணமின்றிப் பார்த்துச் சொல்லட்டும். மண் தாங்கும் சுவர், உயரமான சுற்றுச்சுவர், அடுக்குமாடி, அரசு கட்டித் தரும் தொகுப்பு வீடு ஆகியவற்றுக்குத் தகுதி பெற்றவரின் கையெழுத்து கட்டாயமாகட்டும். தாளில் போட்ட கையெழுத்தும் போதாது. மவுலிவாக்கத்தில் 2014-இல் இடிந்து 61 பேரைக் கொன்ற 11 மாடிக் கட்டடத்துக்கும் திட்ட அனுமதி இருந்தது. கையெழுத்திட்டவர் கட்டும் இடத்துக்கு வந்து பார்த்தாக வேண்டும். இடிந்தால் பதில் சொல்லியாக வேண்டும். தொகுப்பு வீடுகளின் கல்வெட்டில் திறந்து வைத்தவர் பெயர் இருக்கிறது. வடிவமைத்தவர் பெயரும் பதிவு எண்ணும் அதில் இருக்கட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்து வீட்டுக்காரருக்கு உரிமை வேண்டும். ஆர்க்கிடெக்டுக்குக் காசு கொடுப்பவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். அது விழுந்தால் சாகிறவர் இந்தப் பக்கம் இருக்கிறார். இவர் மனு கொடுத்தால் குறித்த நாளுக்குள் ஆய்வு நடக்க வேண்டும், எழுத்தில் பதில் வர வேண்டும் என்று விதி எழுதப்பட வேண்டும்.

அந்த விதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நம் குடியிருப்புகளை ஒட்டி நிற்கும் உயரமான சுவர்களை அடுத்த மழைக்காலத்துக்கு முன் கணக்கெடுக்க, ஒவ்வொரு மாவட்ட ஆட்சியரும் இன்றே உத்தரவிடலாம்.