மஞ்சள் வயரும் மங்கிய படமும்

கலியாணப் படத்தை டி.வி.டி. இறுவட்டிலே பத்திரப்படுத்தி வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே அநேகம். அன்று மணவறையருகே நின்ற பாட்டனாரை இன்று காண்பதற்கு அவ்வட்டைவிட வேறு வழியில்லாத வீடுகளும் உண்டு. புதிய பெரிய தொலைக்காட்சியிலே படம் மங்கித் தெரிந்ததும், "வட்டுப் பழுதாகிவிட்டது" என்று முடிவுகட்டி விடுகின்றனர். பல வீடுகளிலே குறை வட்டில் இல்லை; பிளேயரையும் தொலைக்காட்சியையும் இணைக்கும் மஞ்சள் வயரிலேயே இருக்கிறது.

வட்டிலே படத்தின் ஒளி வேறாகவும் நிறம் வேறாகவும் பதிவாகியுள்ளன. மஞ்சள் வயரோ இரண்டையும் ஒன்றாகக் கலந்தே அனுப்புகிறது. கறுப்பு வெள்ளைப் பெட்டிகளிலும் வண்ண ஒளிபரப்புத் தெரியவேண்டுமென்று அமெரிக்காவில் 1953ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட முறையின் வழிவந்தது இக்கலப்பு. கலந்ததைத் தொலைக்காட்சி மீண்டும் பிரித்தாகவேண்டும். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் கதையிலேதான் உண்டு! கூறைச் சேலையின் ஓரத்திலே சிறு புள்ளிகள் ஊர்கின்றன. நெருக்கமாகக் கோடிட்ட சட்டையிலே இல்லாத வானவில் தோன்றுகிறது. சிறிய பெட்டியிலே மறைந்திருந்த இக்குறைகளைப் பெரிய திரை காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஆதலால் பிளேயரின் பின்புறத்தைச் சற்றுப் பாருங்கள். நான்கு ஊசித் துளைகளுள்ள வட்டமான எஸ்-வீடியோ வாய் இருப்பின், அது ஒளியையும் நிறத்தையும் பிரித்தே அனுப்பும். பச்சை, நீலம், சிவப்பு என மூன்று வாய்கள் இருப்பின் இன்னும் நன்று. ஒலிக்குரிய சிவப்பு வாயோடு மாறாட்டம் செய்யாதிருந்தாற் போதும். வயரை மாற்றியபின் பிளேயரின் அமைப்புப் பட்டியலிலும் அவ்வழியைத் தெரிவுசெய்தல் வேண்டும். அது செய்யாமையாற் படம் வராது, வயரைக் குறைகூறுவோர் பலர். சில புதிய தொலைக்காட்சிகளிலே இம்மூன்று வாய்களும் இல்லை. வயர் வாங்குமுன் அதனையும் பார்த்துக்கொள்க.

எச்.டி.எம்.ஐ. வாயுள்ள பிளேயராயின் ஒரே வயரிலே படமும் ஒலியும் எண்வடிவிற் செல்லும். இரண்டு மீற்றர் வயருக்குப் பெரும் விலை கொடுப்பது வீண்செலவு என்பதே எம் கருத்து.

எந்த வயரும் இல்லாததைப் படைக்காது. நம் நாட்டில் வழங்கும் பி.ஏ.எல். முறையில் அமைந்த வட்டிலே படவரிகள் 576தான். 1080 ஆகப் பெருக்கிக் காட்டினும் புதிய நுட்பம் எதுவும் சேராது. பழைய வீ.எச்.எஸ். நாடாவிலிருந்து மாற்றிய வட்டாயின், நாடாவின் மங்கல் அவ்வட்டிலேயே பதிந்திருக்கும்.

மாணவர்கள் கோடிட்ட சட்டைக்காரர் ஒருவர் வரும் காட்சியைத் தேர்ந்து, முதலில் மஞ்சள் வயரிலும் பின்னர் மற்றதிலும் ஓடவிட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.